ஏளனம் செய்த வாய்கள் அடங்கிய நாள்

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தெற்கத்திப் பண்ணை முதலாளிகள் ஒருபுறம். வடக்கு அரசாங்கம் மறுபுறம். அந்தப் போரில் பங்கெடுத்த ஐந்தாவது கறுப்பர் குதிரைப்படையின் கதையை இன்று பார்ப்போம்.

கென்டக்கி மாகாணம் வடக்கின் பக்கம் நின்றது. ஆனால் அங்கும் அடிமைகள் இருந்தார்கள். 1863-ல் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் அந்த மாகாணத்துக்குப் பொருந்தவில்லை. பட்டாளத்தில் சேர்ந்த அடிமைக்குத்தான் விடுதலை. 1864-ல் கேம்ப் நெல்சன் முகாமுக்கு ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். அவர்களைக் கொண்டு உருவானதே இந்தப் படை.

படை முறைப்படி அமைவதற்கு முன்பே அவர்களைப் போருக்கு அனுப்பினார்கள். வர்ஜீனியாவில் சால்ட்வில் என்ற ஊரில் உப்புக் காய்ச்சும் ஆலைகள் இருந்தன. உப்பில்லாமல் இறைச்சியைப் பதப்படுத்த முடியாது. இறைச்சியில்லாமல் தெற்கின் பட்டாளம் நடக்காது. அதை அழிக்கப் புறப்பட்டார்கள். பழக்கப்படாத குதிரைகள்! குதிரை மேலிருந்து மருந்து கெட்டிக்க முடியாத காலாட்படைத் துப்பாக்கிகள்! வழிநெடுக, சொந்தப் பக்கத்து வெள்ளைச் சிப்பாய்களே கேலி பேசினார்கள், தொப்பியைத் தட்டிப் பறித்தார்கள், குதிரைகளைத் திருடினார்கள். இவர்கள் வாய் திறவாமல் பொறுத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 2-ம் தேதி சண்டை. களத்தில் இறங்கிய 400 பேரில் 114 பேர் மாண்டோ காயமடைந்தோ வீழ்ந்தார்கள் என்று கர்னல் பிரிஸ்பின் அறிக்கை கூறுகிறது. திரும்பும் வழியில் கேலி பேச ஒருவருக்கும் நா எழவில்லை என்றும் அவரே எழுதினார். ஆனால் தோற்றுப் பின்வாங்கிய தளபதி, காயம்பட்டவர்களைக் களத்திலேயே விட்டுப் போனார். மறுநாள் காலை தெற்கத்திப் படையினர் அவர்களில் பலரைக் கிடந்த இடத்திலேயே சுட்டுக் கொன்றார்கள்.

அடுத்த மாதம் நடந்ததைக் கேளுங்கள். கேம்ப் நெல்சனில் தங்கியிருந்த கறுப்புச் சிப்பாய்களின் மனைவி மக்கள் சுமார் 400 பேரை, உறையும் குளிரில், வடக்கின் அதிகாரிகளே வெளியே துரத்தினார்கள். நூறு பேருக்கு மேல் மடிந்தார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 1865 மார்ச்சில்தான் சிப்பாய்களின் மனைவி மக்களுக்கு விடுதலை தரும் சட்டம் வந்தது.

இதற்கிடையே, டிசம்பரில் அதே படை மீண்டும் சால்ட்வில்லுக்குச் சென்றது. இம்முறை உப்பாலைகள் தகர்ந்தன. 1866 மார்ச்சில் படை கலைக்கப்பட்டது.

தோழர்களே! சால்ட்வில்லில் எதிரியின் குண்டும் நிறம் பார்த்தது. கூட நடந்தவனின் வாயும் நிறம் பார்த்தது. அந்த வாயை அடக்க 114 பேர் விழ வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்று பாடுபடுகிறவனை இழித்துப் பேச நமக்கு நா எழும்போது, அந்த 114 பேரை நினைத்துக்கொள்வோம்!