அரிவாள் ஆயுதமா, வேலைச் சாமானா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நிர்வாகக் குழு சார்பில் பேசியது)



சேமிப்பு, கடன், வட்டி என்று பேசுகிற இந்தக் கூட்டத்தில் இன்னைக்கு அரிவாளைப் பற்றிப் பேசப் போகிறோம். சில பேர் சிரிக்கிறீங்க. ஆனா யோசித்துப் பாருங்க. அரிவாள் இல்லாத வீடு நம்ம ஊரில் உண்டா? அறுவடைக்கு மிஷின் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் மழையில் சாய்ந்து கிடக்கிற பயிரை அறுக்க இன்னமும் கருக்கரிவாள்தான் வேண்டியிருக்கு. மாட்டுக்குப் புல் அறுக்க ஒரு அரிவாள். பழையாறு, திருமுல்லைவாசலில் இருந்து மீன் கூடையோடு வருகிற தோழிகளிடம் அரிவாள்மனை. இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் நாம் பஸ் ஏறுகிறோம். வழியில் போலீஸ் சோதனை என்றால் "நம்மளையும் பிடிச்சிடுவாங்களோ" என்று ஒரு பயம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அதே அரிவாளைக் காட்டித்தான் சில வீடுகளில் பெண்களை மிரட்டுகிறார்கள். அதனால் "சட்டமே வேண்டாம்" என்று நாம் சொல்ல முடியாது. "கண்ணில் பட்ட அரிவாளையெல்லாம் பிடிங்க" என்றும் சொல்ல முடியாது. சட்டம் என்ன சொல்லுது என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

சட்டத்தில் என்ன இருக்கு?

வெள்ளைக்காரர்கள் 1878இல் ஒரு ஆயுதச் சட்டம் போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அதை எடுத்துவிட்டு, 1959இல் நம் நாடாளுமன்றம் புதிய ஆயுதச் சட்டம் கொண்டு வந்தது. தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாகவே செய்யப்பட்ட பொருள்தான் ஆயுதம் என்கிறது அந்தச் சட்டம். வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் என்று செய்த சாமான் ஆயுதம் ஆகாது என்றும் அதிலேயே எழுதியிருக்கு. இதை மனசில் நல்லா பதிய வைத்துக்கொள்ளுங்கள்.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் அளவும் சொல்லப்பட்டிருக்கு. 9 அங்குல நீளத்துக்கு மேலோ, 2 அங்குல அகலத்துக்கு மேலோ அலகு உள்ள கத்தி ஆயுதப் பட்டியலில் வரும். அங்கேயும் வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்காகச் செய்த கத்திகளுக்கு விலக்கு உண்டு. மத்திய அரசு ஒரு பகுதியைக் குறிப்பிட்டு அறிவிக்கை வெளியிட்டால், அந்த அறிவிக்கையில் சொன்ன வகைக் கத்தியை வைத்திருக்க அந்தப் பகுதியில் லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் வைத்திருந்தால் சிறைத் தண்டனை வரைக்கும் போகும்.

சிக்கல் எங்கே வருது? கருக்கரிவாளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் வெட்டரிவாள்? தென்னை மட்டை கழிக்கவும் அதுதான், ஆளை வெட்டவும் அதுதான். அந்த இடத்தில் எது வேலைச் சாமான், எது ஆயுதம் என்று முதலில் முடிவு செய்பவர் சோதனை போடுகிற போலீஸ்காரர். கோர்ட் முடிவு செய்வது பிறகுதான்.

2021இல் நடந்தது

2021 செப்டம்பரில் தென் மாவட்டங்களில் அடுத்தடுத்து பழிக்குப் பழி கொலைகள் நடந்தன. அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு மாநிலம் முழுக்கத் தேடுதல் நடத்தச் சொன்னார். ரவுடிகள் கைதானார்கள், ஏராளமான கத்தி, அரிவாள் பிடிபட்டன. அதோடு கொல்லுப்பட்டறைக்காரர்களையும் அழைத்துப் பேசினார்கள். விவசாயத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் மட்டும் விற்கணும், வாங்குகிறவர் பெயர், முகவரி, போன் நம்பர், எதுக்கு வாங்குகிறார் என்பதைக் குறித்து வைக்கணும், பட்டறையில் கேமரா வைக்கணும் என்றெல்லாம் சொன்னார்கள்.

நோக்கம் நல்லதுதான். கூலிக்கு வெட்டுகிறவன் கையில் அரிவாள் கிடைக்காமல் போனால் முதலில் நிம்மதி அடைவது நாம்தான். ஆனால் ஒற்றை உலையும் துருத்தியுமாகப் பிழைக்கிற ஆசாரி கேமராவுக்கு எங்கே போவார்? கருக்கரிவாளுக்குப் பல் வைக்கப் போகிற நம்ம தோழி எதுக்குப் பெயர் எழுதணும்? இதைக் கேட்க அந்தப் பேச்சில் அரிவாள் பிடிக்கிற பெண்களும் இருக்கணும்.

மற்ற இடங்களில் எப்படி மாற்றினார்கள்?

இங்கிலாந்தில் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். மடக்குகிற சின்னக் கத்திக்கு மட்டும் விலக்கு, அதுவும் 3 அங்குலம் வரைக்கும்தான். ஆனால் "வேலைக்காக வைத்திருக்கேன்" என்று காட்டினால் அது தக்க காரணம். 2024 செப்டம்பரில் அங்கே சில வகைப் பெரிய வெட்டுக்கத்திகளை வீட்டில் வைத்திருப்பதையே தடை செய்தார்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் வேறு கதை. கையை உதறினால் திறந்துகொள்கிற ஒரு வகைக் கத்திக்கு அங்கே பல வருஷமாகத் தடை இருந்தது. சாதாரணக் கடையில் வாங்கிய வேலைக் கத்தியை வைத்திருந்த தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் கைதானார்கள். பெரும்பாலும் கறுப்பின மக்களும் ஏழைகளும்தான். தொழிலாளர்களும் இலவச சட்ட உதவி வழக்கறிஞர்களும் விடாமல் கேட்டார்கள். சட்டமன்றம் நிறைவேற்றியும் ஆளுநர் கையெழுத்துப் போடாமல் திருப்பினார். மறுபடியும் கேட்டார்கள். 2019 மே மாதம் அந்தத் தடை நீங்கியது. வேலை செய்கிறவர்கள் வாய் திறந்ததால்தான் மாறியது.

நம் நாட்டில் ஆயுதம் மத்திய அரசின் அதிகாரத்தில் வருகிறது. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்தால்தான் முடியும். 2019இல் ஒரு திருத்தம் வந்தது, அதில் பேசப்பட்டது துப்பாக்கிகளைப் பற்றித்தான். ஆனால் பட்டறைப் பதிவேடு, சோதனை எல்லாம் மாநிலப் போலீஸ் நடைமுறை. அங்கே நம் குரல் எட்டும்.

நாம் தெரிந்து வைக்க வேண்டியது

அரிவாளைச் சாக்கிலோ துணியிலோ சுற்றி, கூடைக்கு அடியில் வையுங்கள். அடுத்தவர் மேல் படாமல் இருக்கவும் அதுதான் நல்லது. வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு எடுத்துப் போங்கள். திருவிழா, கூட்டம், ஊர் சண்டை நடக்கிற இடத்துக்குக் கையில் அரிவாளோடு போகவே கூடாது.

சோதனையில் கேட்டால் பயப்படாமல் எங்கே, என்ன வேலைக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள். பெண்ணின் உடம்பைச் சோதிக்கப் பெண் போலீஸ்தான் வரணும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் நகல் கேளுங்கள். கைது என்றால் காரணம் சொல்லணும், வீட்டுக்குத் தகவல் கொடுக்கணும். பொழுது சாய்ந்த பிறகு, விடியும் முன் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட் அனுமதியோடு செய்யணும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், 15100க்குப் போன் செய்யலாம்.

பிள்ளைகளைக் கவனியுங்கள். 2018 பிப்ரவரியில் சென்னைப் பக்கம் ஒரு ரவுடி அரிவாளால் பிறந்தநாள் கேக் வெட்டினான். அங்கே கூடியவர்களில் 70 பேருக்கு மேல் கைதானார்கள். அதைப் பார்த்து, பட்டாக்கத்தியோடு போட்டோ எடுத்துச் செல்போனில் போடுகிற பையன்கள் ஊர் ஊருக்கு இருக்காங்க. ஒரு போட்டோவுக்காக வழக்கு வந்தால், வேலைக்குப் போகும்போது போலீஸ் சான்றில் அது நிற்கும்.

வீட்டில் அரிவாளைக் காட்டி "வெட்டிடுவேன்" என்று மிரட்டுவது குடும்ப விஷயம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டப்படி, கொலை மிரட்டலுக்கு 7 வருஷம் வரை தண்டனை உண்டு. 181க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். அந்தத் தோழியைத் தனியாக விடாமல் குழு கூடப் போகணும்.

குழுவில் பேசித் தீர்மானம் எழுத வேண்டியவை

1. விவசாய, வீட்டு அரிவாளுக்குச் சட்டத்தில் உள்ள விலக்கைத் தமிழில் எழுதி ஒவ்வொரு பட்டறையிலும் ஒட்டணும்.

2. பதிவேடு வேண்டும் என்றால் வீச்சரிவாள் போன்றவற்றுக்கு மட்டும் போதும். கருக்கரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் வேண்டாம்.

3. பட்டறையில் கேமரா கட்டாயம் என்றால் செலவை அரசு ஏற்கணும்.

4. இனி விதி போடும் முன்பு கொல்லர்களையும் விவசாயக் கூலிப் பெண்களையும் கேட்கணும்.

எல்லாக் குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கிராம சபையில் வைப்போம். திங்கட்கிழமை மயிலாடுதுறை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் ஒரே மனுவாகக் கொடுப்போம். ஒரு ஆள் போய்க் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பார்கள். கூட்டமைப்பாகப் போனால் உட்கார வைத்துக் கேட்பார்கள். இது நமக்குப் புதுசா என்ன?