இலாபம் எந்த வாசலால் போகிறது?

(ஹட்டனில் தோட்டத் தலைவர், தலைவிகளுக்கான வகுப்பில் நிகழ்த்திய உரை)



சம்பளப் பேச்சுக்குப் போகும்போதெல்லாம் கம்பனிகள் சொல்வது ஒன்றுதான்: கையில் காசு இல்லை. 2021இல் 1000 ரூபாய் சம்பளம் வர்த்தமானியில் வந்ததும் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். நாம் அரிசி விலையைப் பேசினோம், மா விலையைப் பேசினோம். கம்பனியின் கணக்கைப் பேசவில்லை.

கம்பனியில் மிஞ்சும் காசு பங்குதாரரிடம் போகச் சில வழிகள் உண்டு. பங்கிலாபம் எல்லோருக்கும் தெரிந்தது. கம்பனி தன் பங்குகளைத் தானே விலை கொடுத்துத் திரும்ப வாங்குவது இன்னொன்று. மூலதனத்தையே மாற்றி அமைப்பதும் உண்டு. நாம் கண் வைக்க வேண்டியது இதில்தான். மூலதனத்தைக் குறைத்து அந்தக் காசைக் கொடுக்கலாம். வங்கியில் கடன் எடுத்தும் பெரிய பங்கிலாபம் கொடுக்கலாம். பங்குதாரர் காசோடு போய்விடுவார், கடன் கம்பனியின் தலையில் இருக்கும். வீட்டு நகையை அடகு வைத்து மூத்தவனுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்த மாதிரி. வட்டி கட்டுவது வீட்டில் மிஞ்சியவர்கள்.

இதைக் களவு என்று நாம் சொல்லவில்லை. வேலையில்லாத காசைப் பங்குதாரருக்குத் திருப்பிக் கொடுப்பது உலக வழக்கம். ஆனால் நம் மலையில் காசுக்கு வேலை இல்லையா? மறுநடுகை காணாத கிழட்டுத் தேயிலை, காடு மண்டிய நம்பர்கள், ஒழுகும் லயம்?

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் ஒரு கதவைப் போட்டிருக்கிறது. பங்குதாரருக்குக் காசு கொடுத்த பின்னும் கம்பனியால் தன் கடன்களை உரிய நேரத்தில் கட்ட முடிய வேண்டும். அதற்குக் கணக்காய்வாளரின் சான்றிதழும் வேண்டும். அந்தக் கடன்களின் பக்கத்தில்தான் நமது சேவைக்காலப் பணம் இருக்கிறது. வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்பது 1983இன் சட்டம். பெரும்பாலும் அதற்கென்று தனியாகக் காசு ஒதுக்கி வைப்பதில்லை, ஐந்தொகையில் ஓர் எண்ணாகவே நிற்கிறது. ஓய்வு பெற்ற அம்மாமார் அதற்காக எத்தனை தடவை ஒபிஸுக்கு நடக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் மறந்துவிட்டோம். நாமும் பங்குதாரர்கள்! 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. 1995 முதல் பங்குகள் விற்கப்பட்டபோது 51 வீதம் முதலீட்டாளருக்குப் போனது. 10 வீதம் தொழிலாளருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. பலர் அந்தக் காகிதத்தை வந்த விலைக்கு விற்றார்கள். சிலர் வீட்டில் இன்னும் ட்ரங்குப் பெட்டியில் கிடக்கலாம். தேடிப் பாருங்கள். அரசிடமும் ஒரு பொற்பங்கு இருக்கிறது. அதை வைத்துத் திறைசேரி கம்பனியின் புத்தகங்களைப் பார்வையிடலாம். பார்க்கச் சொல்லி எழுதுவது சங்கத்தின் வேலை. அதை நாம் செய்வோம்.

உங்கள் வேலை இது. அடுத்த வகுப்புக்கு உங்கள் கம்பனியின் ஆண்டறிக்கையைக் கொண்டு வாருங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். காசுப்பாய்ச்சல் கூற்று என்ற பக்கத்தில் இரண்டு வரிகளுக்குக் கீழே கோடு போடுங்கள்: செலுத்திய பங்கிலாபம், செலுத்திய பணிக்கொடை. ஐந்து வருடத்துக்கு இரண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.