மூத்தோர் கைகொடுக்க, இளையோர் கரையேற



விழா நாளில் நாம் பெற்ற நன்மைகளை எண்ணி மகிழ்கிறோம். பெற்றதை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொடுக்கிறோம் என்றும் சற்றே சிந்திப்போம். ஆலையிலும் அலுவலகத்திலும் பல்லாண்டு உழைத்த பெரியவர்கள் நம்மிடையே உண்டு. நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளும் உண்டு. இவர்களுக்கிடையே உறவு எப்படி அமைய வேண்டும்?

1912-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்திற்கு ஓர் இளைஞர் எழுத்தராகச் சேர்ந்தார். அவரே கணித மேதை சீனிவாச இராமானுஜன். கல்லூரித் தேர்வில் தேறாதவர். அவருடைய மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். வேலை முடிந்தபின் இருவரும் சிலேட்டுப் பலகையோடு அமர்ந்து கணக்குப் போடுவார்கள். இராமானுஜன் பல படிகளைத் தாண்டி விடைக்குப் போய்விடுவார். ஐயரோ, பிறருக்கும் விளங்கும்படி படிப்படியாக எழுதச் சொல்வார். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடமும் அவருக்காகப் பேசினார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. 1914-இல் அந்த எழுத்தர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

இதில் நாம் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, பெரியவர் நேரம் ஒதுக்க வேண்டும். போகிற போக்கில் சொல்வது புத்திமதி; கூட அமர்ந்து செய்வதே பயிற்சி. இரண்டாவது, விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லும் துணிவு இருவருக்கும் வேண்டும். மேலதிகாரியே கேட்டால், இளையவருக்கும் கேட்கக் கூச்சம் இராது. மூன்றாவது, இளையவர் நம்மை மிஞ்சுவாரெனில் வழிவிட வேண்டும்.

இந்த மூன்றாவதுதான் கடினம். "தொழிலின் சூட்சுமத்தைச் சொல்லிவிட்டால் நம் பிழைப்பு என்னாவது?" என்னும் அச்சம் நம்மில் பலருக்கு உண்டு. மறைத்து வைத்த திறமை, ஓய்வு பெறும் நாளில் நம்மோடு வீட்டுக்கு வந்து வீணாகிறது. சிறுவனைத் தேநீர் வாங்க மட்டும் அனுப்பினால், அவன் கடைக்குப் போகும் வழியைத்தான் கற்பான். குறை கண்டால் தனியே சொல்லுவோம். நிறை கண்டால் நாலு பேர் முன் சொல்லுவோம்.

இளைஞர்களே, சான்றிதழ் வேலை வாங்கித் தரும். வேலையைக் கற்றுத் தருபவர் அருகிலிருக்கும் அனுபவசாலியே. அவரிடம் பணிவோடு கேளுங்கள். கேட்டதைச் செய்து காட்டுங்கள்.

இவ்விழாவின் நினைவாக, நம் பங்கின் ஒவ்வொரு பெரியவரும் ஓர் இளைஞரையேனும் கைதூக்கி விடுவோமாக!