கண்ணுக்குத் தெரியாத காவல்: வீடுகளும் நிலத்தடி வடிகாலும்



டிராம்பே குன்றின் அடிவாரத்தில், அணுசக்தித் துறை ஊழியர்களுக்கென அமைந்த குடியிருப்பு அணுசக்தி நகர். ஒருபுறம் குன்று, மறுபுறம் கடற்கழி. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் பெய்யும் மழை 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். 100 சதுர மீட்டர் பரப்புள்ள மொட்டைமாடி ஒன்றில் மட்டும் இது இரண்டு லட்சம் லிட்டர் நீராகும்.

தெருவில் ஓடும் வெள்ளம் யாவரும் அறிந்தது. மண்ணுக்குள் நகரும் நீரையோ எவரும் காண்பதில்லை. குன்றின் மேற்பரப்பிலுள்ள மூரம் மண் நீரை உறிஞ்சுகிறது. கீழேயுள்ள கெட்டியான பாறை அதனைத் தடுக்கிறது. ஆகவே நீர் பாறையின் மீதே சரிந்து, அடிவாரத்து வீடுகளின் அஸ்திவாரத்தை அடைகிறது. சுவரில் ஏறும் ஓதம் இதன் முதல் எச்சரிக்கை.

இதற்கான தீர்வு பழையது. 1859-இல் அமெரிக்க நீதிபதி ஹென்றி பிரெஞ்ச், வயல்களின் வடிகால் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். 'பிரெஞ்சு வடிகால்' என்னும் பெயர் அவரைக் குறிப்பதேயன்றி, நாட்டைக் குறிப்பதன்று.

வீட்டிற்கு மேட்டுப்புறமாக ஒரு பள்ளம் தோண்டப்படுகிறது. நூறு அடிக்கு ஓரடி வாட்டம் இருப்பது நலம். நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி விரித்து, சல்லி பரப்பி, துளையிட்ட குழாயைத் துளைகள் கீழ்நோக்கியிருக்குமாறு பதிக்க வேண்டும். மேலும் சல்லி நிரப்பித் துணியை மூடிவிட வேண்டும். அஸ்திவாரத்தை ஒட்டி, அதனினும் ஆழமாகத் தோண்டுதல் ஆபத்து. மாடி மழைநீரையோ கழிவுநீரையோ இக்குழாயில் விடலாகாது. விட்டால் வடிகாலே மண்ணுக்கு நீரூட்டும்.

தாங்குசுவர்களுக்கு இவ்வேற்பாடு இன்னும் இன்றியமையாதது. மூன்று மீட்டர் உயரச் சுவரின் பின்னே நீர் முழுமையாகத் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் நீர் மட்டுமே சுமார் 4.5 டன் விசையுடன் அழுத்தும். மண்ணின் அழுத்தம் வேறு. சுவரின் பின்னே சல்லி அடுக்கும், சுவரில் கசிவுத் துளைகளும் இருந்தால் இச்சுமை பெரிதும் குறையும்.

இதில் பொருளாதார நுட்பம் ஒன்றுண்டு. மேலுள்ள வீடு வெளியேற்றும் நீர் கீழுள்ள வீட்டைச் சேர்கிறது. ஒருவர் பெறும் பாதுகாப்பு மற்றவர்க்குச் சேதமாகிறது. நீர் இறுதியாகச் சேரும் பொதுக் கால்வாய் இல்லாதவரை, தனியார் வடிகால் துன்பத்தை இடம் மாற்றுமே தவிர நீக்காது. மும்பையின் பழைய மழைநீர்க் கால்வாய்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென வகுக்கப்பட்டவை. கடல் ஏற்றத்தின்போது அவற்றுள் பலவற்றின் வாயில்கள் நீருள் மூழ்குகின்றன. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது, இக்குறையை நாடே கண்டது.

2021 ஜூலை 18 அன்று செம்பூர் வாஷி நாக்கா அருகே பாரத் நகரில், கனமழையின்போது சுவர் இடிந்து மலைச்சரிவிலிருந்த குடிசைகள் மீது விழுந்தது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். திட்டமிட்ட குடியிருப்பில் வடிகாலைப் பேணப் பொறியாளர் உண்டு. சரிவில் வாழும் ஏழைக் குடும்பம் தன் முயற்சியால் ஒரு குழாயைப் பதிக்கலாம்; அக்குழாயின் நீரைக் கழிவரை கொண்டுசெல்லும் கால்வாயை வெட்ட அதனால் இயலாது. அது அரசின் கடமை.

எனவே குன்றின் உச்சி முதல் கடற்கழி வரை முழுச் சரிவையும் ஒரே திட்டமாகக் கொள்ள வேண்டும். வேலியின் உட்புறம், வெளிப்புறம் என்னும் பிரிவு நீருக்குத் தெரியாது. ஆண்டுதோறும் மே மாதத்திற்குள் குழாய்களின் வாயில்களையும் கசிவுத் துளைகளையும் தூர்வாரிச் சோதித்தல் வேண்டும். மண்ணுள் மறைந்த வேலைக்குத் திறப்பு விழா இல்லை. ஆயினும் அடைமழை இரவில் ஒரு குடும்பம் அச்சமின்றி உறங்குமாயின், அதுவே அச்செலவின் பயன்.