கொள்கை வேறானவர்களின் நற்பணிக்குக் கொடுக்கலாமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவமனை, அநாதை இல்லம், முதியோர் இல்லம், பேரிடர் நிவாரணக் குழு எனப் பல அமைப்புகள் நம்மிடம் உதவி நாடி வருகின்றன. அவற்றுள் சில, நம் கொள்கைக்கு மாறான கொள்கையுடையோர் நடத்துபவை. “அவர்களுக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?” என்று கேட்போர் நம்மிடையே உண்டு. “தர்மத்தில் கொள்கை பார்ப்பது எதற்கு?” என்று கேட்போரும் உண்டு. இவ்விரண்டுமே ஆராயாமல் சொல்லப்படும் விடைகள் என்பது நம் கருத்து.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன், மக்காவில் ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ என்னும் உடன்படிக்கை ஏற்பட்டது. வெளியூர் வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு விலையைத் தர மறுத்தார் குறைஷித் தலைவர் ஒருவர். அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவர் பக்கம் நிற்போம் என அப்போது சில குலத்தார் கூடி உறுதி பூண்டனர். அதில் பெருமானாரும் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னரும், அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இணங்குவேன் என்ற கருத்தில் அதனைப் போற்றினார்கள். அங்குக் கூடியோரின் நம்பிக்கைகள் வேறு. அவர்கள் கூடிய நோக்கம் வேறு. இந்த வேறுபாட்டைப் பிரித்தறிவதே நம் முதற்படி.

இங்கு ஒன்றை முன்கூட்டியே தெளிவுபடுத்த வேண்டும். எல்லாப் பணமும் ஒரே பணமன்று. ஜகாத் யாருக்கு உரியது என்பதைத் திருமறையே எட்டு வகையினராக வரையறுத்துவிட்டது. அதில் கைவைக்க எந்த நிர்வாகத்திற்கும் உரிமையில்லை. வக்ஃபு சொத்தின் வருமானம், வக்ஃபு செய்தவர் விதித்த நோக்கத்திற்கே உரியது. பள்ளிவாசல் பராமரிப்புக்கென உறுப்பினர் தந்த சந்தாவும் அவ்வாறே. ஆகவே நம் கேள்வி, நாம் மனமுவந்து தரும் பொதுவான ஸதக்காவைப் பற்றியது மட்டுமே.

அந்த ஸதக்காவைக் கொடுக்கும் முன் மூன்று கேள்விகளை எழுப்பிப் பார்ப்போம்.

முதலாவது: நம் பணம் அங்கு என்ன வேலையைச் செய்யும்?

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நாமெல்லோரும் அறிவோம். அது ஒரு கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனை. அதை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார், தம் இளமையில் திண்டிவனத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ஒரே இரவில் மூன்று கணவன்மார் தத்தம் மனைவியரின் பிரசவத்திற்கு உதவி தேடி வந்தனர். அவர்களுள் ஒருவர் முஸ்லிம். ஆண் மருத்துவர் பார்க்க மூவருமே இசையவில்லை. மருத்துவம் கற்ற பெண் அங்கு இல்லை. மூன்று பெண்களும் மாண்டனர். அதன் பின்னரே அம்மையார் மருத்துவம் படிக்கச் சென்றார். 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி அமைத்தார். அந்நிறுவனத்தின் சமய நம்பிக்கையை நாம் ஏற்கவில்லை. ஆனால் ஓர் ஏழை நோயாளியின் அறுவைச் சிகிச்சைக்கு அங்குப் பணம் கட்டினால், அப்பணம் செய்யும் வேலை உயிர் காப்பதே. நம் மாறுபாடு அவர்களின் நம்பிக்கையோடுதான். அந்த வேலையோடு நமக்கு மாறுபாடு இல்லை.

இரண்டாவது: வாங்குபவர்மீது நிபந்தனை விதிக்கப்படுகிறதா?

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து கொடும் பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். துருக்கியின் உஸ்மானியச் சுல்தான் அப்துல் மஜீது 1847இல் 1,000 பவுன் அனுப்பினார். அங்கு நிவாரணம் செய்த புராட்டஸ்டண்ட் அமைப்புகளுள் சில, கத்தோலிக்க ஏழைகளுக்குச் சூப்பு வழங்குவதோடு தம் மதப்பாடத்தையும் பிணைத்தன. பசியால் அதை ஏற்றவர்களைச் ‘சூப்பர்’ என்று ஊரார் இழித்துரைத்தனர். அவ்வசைச்சொல் தலைமுறைகள் கடந்தும் நின்றது. ஆனால் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் 1846இல் டப்ளினில் குழு அமைத்து, எந்த நிபந்தனையுமின்றி உணவளித்தனர். அவர்களை அந்நாட்டார் இன்றும் நன்றியுடன் நினைக்கின்றனர். இரு சாராருமே சமயப் பற்றுடையோர். ஒரு சாரார் பசியை விலை பேசினர், மற்றவர் பேசவில்லை. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் பிற தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை விதிகளும் இதையே வற்புறுத்துகின்றன: தொண்டு செய்வோர் தமக்கெனக் கொள்கை வைத்திருக்கலாம், உதவியை அக்கொள்கை பரப்பும் கருவியாக்கலாகாது. இந்த அளவுகோலை நம் சமுதாய அமைப்புகளுக்கும் நாம் பொருத்தியாக வேண்டும்.

மூன்றாவது: நாம் ஏற்காத ஒன்று அந்த அமைப்பின் பணியாகவே ஆகிவிட்டதா?

ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 1961இல் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய பீட்டர் பெனன்சன் கத்தோலிக்கர். கொள்கைக்காகச் சிறைப்பட்டோரை விடுவிப்பதே அதன் தொடக்கக் குறிக்கோள். 2007இல் அவ்வமைப்பு, கருக்கலைப்பைக் குற்றமாக்கும் சட்டங்களுக்கு எதிரான நிலையை மேற்கொண்டது. உடனே வத்திக்கானின் கர்தினால் ரெனாட்டோ மார்ட்டினோ, கத்தோலிக்கர் அதற்கு நிதியளிப்பதை நிறுத்த வேண்டும் என்றார். இங்கு மாறுபாடு நம்பிக்கையோடு நிற்கவில்லை. பணியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அவ்வாறு கருதுவோர் விலகுவது நியாயமே. ஆயினும் சிறையில் வாடும் கைதியின் துயரம் அதனால் நீங்கிவிடாது. விலகுபவர், அதே கைதிக்கு உதவ வேறு வழி தேடும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். கொடாமல் இருப்பதற்குக் கொள்கை ஒரு போர்வையாகிவிடக் கூடாது.

“நல்ல பணிக்கென்று நாம் கொடுத்தாலும், அவர்களிடம் மிஞ்சும் பணம் மற்றதற்குப் போகுமே” என ஒரு தடை எழுப்பப்படுகிறது. இது புறக்கணிக்கத்தக்கதன்று. இயன்றவரை பணமாகத் தராமல் அரிசியாக, மருந்தாக, இரத்த தானமாகத் தரலாம். நோயாளியின் பெயரில் கட்டணத்தை நேரே செலுத்தி ரசீது பெறலாம். அதன் பின்னரும் ஐயம் தீராவிட்டால், மரியாதையுடன் மறுத்துவிடலாம். எனினும், வேறு எவரும் உதவ இயலாத வெள்ள நேரத்தில், முதலில் களத்தில் நிற்பவரின் கைவழியே கொடுப்பதே அறிவுடைமை.

நாம் கொடுப்பவர்கள் மட்டுமல்லர், பெறுபவர்களும்கூட. நோன்புக் கஞ்சிக்குத் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கும் ஏற்பாடு 2001இல் தொடங்கியது. அது எல்லாச் சமயத்தாரும் செலுத்தும் வரிப்பணம். நம் தொழுகையை ஏற்காதோரின் பங்கும் அக்கஞ்சியில் உண்டு. அக்கஞ்சியை வாங்கத் தூக்குப் பாத்திரத்துடன் வரும் அண்டை வீட்டுக் குழந்தையிடம் நாம் மதம் கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் குடும்பங்களுக்கு உணவும் தங்குமிடமும் தந்தனர். உதவி பெற்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். அந்தச் சோற்றை உண்டதால் அவர்கள் தம் நம்பிக்கையை விட்டுவிடவில்லை; அதைத் தந்ததால் ஜமாஅத்தாரின் ஈமானும் குறைந்துவிடவில்லை.

ஆகவே நாம் முன்வைக்கும் ஆலோசனை இதுவே. வெளி அமைப்புகளின் விண்ணப்பம் வரும்போது, நடத்துபவர் யார் என்பதோடு நிறுத்திவிடாமல், மேற்கண்ட மூன்று கேள்விகளையும் நிர்வாகக்குழு எழுத்தில் பதிவு செய்யட்டும். எந்த நிதியிலிருந்து கொடுக்கப்படுகிறது என்பதையும் அதனுடன் குறிக்கட்டும். மறுப்பதானால் காரணத்தையும் பொதுக்குழு முன் வைக்கட்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹ், நம் பொருளை உரிய இடத்தில் சேர்க்கும் தெளிவையும், தேவையுடையோர் முகம் பார்த்துக் கொடுக்கும் உள்ளத்தையும் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.