எண்ணெய்த் தூய்மையும் இல்லத்துச் செல்வமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இலக்கண இலக்கியங்களைப் பிள்ளைகளுக்குப் பயிற்றும் தமிழாசிரியன் யான். இயந்திரத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று தங்களிற் சிலர் கருதலாம். என் வகுப்பில் அமர்ந்து பாடங்கேட்ட பிள்ளைகளிற் பலர் இன்று லாரியிலும் ரிக் வண்டியிலுமே காலங்கழிக்கின்றனர். அவர்கள் ஊர்வருங்கால் சொல்லக் கேட்டனவும், பட்டறைகளில் நேரிற் கண்டனவும், நூல்களிற் கற்றனவுமே ஈண்டுத் தங்கள் முன் வைக்கப்படுவன. குறை காணின் பொறுத்து, குணங் காணின் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கடற்கரை இல்லை. காவிரியிற் செல்லும் பரிசலும் ஓடமுமே நம் முன்னோர் நன்கறிந்த கலங்கள். ஆயினும், நாமக்கல்லிற் கூண்டு கட்டப்பெற்ற லாரிகளும், இவ்வூரார் செலுத்தும் எரிவாயு டாங்கர்களும் பாரத நாட்டின் நாற்றிசையும் ஓடுகின்றன. சங்ககிரி லாரித்தொழிலின் சிறப்பை யாவரும் அறிவர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோ வடநாட்டு ஊர்களையும் கடந்து ஆப்பிரிக்க நாடுகள் வரை சென்று நிலத்தைத் துளைத்து நீர் காண்கின்றன. நிலத்தில் ஓடும் கப்பல்கள் என்று இவற்றைக் கூறினும் மிகையாகாது. இக்கப்பல்கள் அனைத்திற்கும் உணவு ஒன்றே. அதுவே டீசல் எண்ணெய். அவ்வுணவு நஞ்சானால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் கடன் தவணை நில்லாது. ஆகவே எண்ணெய்த் தூய்மை பட்டறைக்காரர் விஷயம் மட்டுமன்று. நம் குடும்பங்களின் அடுப்பைப் பற்றிய விஷயமும் ஆகும்.

இவ்வியந்திரத்தை இயற்றியவர் ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர். 1858-ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரிற் பிறந்த இவர், 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் தம் இயந்திரத்தை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் இயந்திரத்திற்குத் தீப்பொறி வேண்டும். இதற்கு அது வேண்டுவதில்லை. உள்ளே புகுந்த காற்றை மிக இறுக்கி அழுத்துவதால் அக்காற்று 500 பாகைக்கு மேலும் வெப்பமுறும். அவ்வேளையில் எண்ணெயைப் பனித்துளியினும் நுண்ணிதாகத் தெளித்தால் அது தானே பற்றி எரியும். இத்தெளிப்புத்தான் இயந்திரத்தின் உயிர்நிலை. ராபர்ட் போஷ் என்பாரின் தொழிற்சாலை 1927-ஆம் ஆண்டில் எண்ணெய்ப் பம்புகளைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கிய பின்னரே லாரிகளில் இவ்வியந்திரம் பெருகிற்று.

நம்மவர் எஃப்.ஐ. பம்ப் என்றும் நாசில் என்றும் வழங்குவன இத்தெளிப்பைச் செய்யும் உறுப்புக்களே. இவற்றுள் ஒன்றனுள் ஒன்றாய் நகரும் பாகங்களின் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால் அவற்றில் இரண்டு மூன்று கூறே. தலைமயிரின் கனமோ அவ்வாறான கூறுகளில் எழுபது அளவு. கண்ணுக்குத் தெரியாத தூசு அங்கே கல்லைப்போற் கிடந்து அறுக்கும் என்பது இதனால் விளங்கும். அப்பாகங்களுக்கு மசகும் அவ்வெண்ணெயே. வேறு மசகு கிடையாது. எண்ணெய்க்குப் பதிலாக நீர் புகுமாயின் இரும்போடு இரும்பு உராய்ந்து கெடும், துருவும் பிடிக்கும்.

பழைய வண்டிகள் இதனை ஓரளவு பொறுத்தன. புதிய வண்டிகள் பொறுப்பதில்லை. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்குட்பட்ட லாரிகளில், காமன் ரெயில் முறையால் எண்ணெய் காற்றழுத்தத்தைப் போல 1,600 மடங்குக்கு மேலும் அழுத்தப்படுகிறது. அவ்வழுத்தத்தில் ஒரு துளி நீரும் உளிபோல் வேலை செய்யும். நாசிலும் பம்பும் ஒருங்கே கெட்டால் செலவு ஆயிரங்களில் அடங்காது, இலட்சத்தைத் தொடும்.

மாசுகள் நால்வகைப்படும். முதலாவது நீர். டீசல் நீரினும் இலேசானது. ஒரு லிட்டர் ஏறத்தாழ 830 கிராம் எடையே உடையது. ஆதலின் நீர் எப்பொழுதும் கலனின் அடியிற் சென்று தங்கும். இரண்டாவது தூசும் துருவும். மூன்றாவது உயிர்மாசு. எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையில் நுண்ணிய பூஞ்சைகளும் கிருமிகளும் எண்ணெயையே உண்டு பெருகி, கரிய கொழகொழப்பான படலமாகி வடிகட்டியை அடைக்கும். அமிலத்தை உமிழ்ந்து கலனையும் அரிக்கும். நீரில்லையேல் இவற்றிற்கு வாழ்வில்லை. நான்காவது, புதிதாக வந்த ஆபத்து. புகையைத் தூய்மை செய்யும் பொருட்டுப் புதிய லாரிகளில் நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கரைந்த நீர் தனிக்கலனில் ஊற்றப்படுகிறது. தூக்கக் கலக்கத்தில் இதனை டீசல் கலனில் ஊற்றிவிட்டால், சாவியைக்கூடத் திருப்பலாகாது. கலன் முழுவதையும் வடித்துக் கழுவிய பின்னரே வண்டியைத் தொடுதல் வேண்டும்.

இனி, நீர் எவ்வழிப் புகுகிறது என்பதை ஆராய்வோம். ரிக் வண்டிகள் ஊருக்கு அப்பால் காட்டிலும் மேட்டிலும் நின்று வேலை செய்வன. அவற்றிற்கு எண்ணெய் பேரலில் வருகிறது. பேரலை நிமிர்த்தி வெளியில் வைத்தால், மழைநீர் அதன் தலைத்தட்டிற் குளமாய்த் தேங்கும். பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியின் இடுக்கால் வெளியேறும். இரவுக் குளிரிற் சுருங்கி, தேங்கிய நீரையே உள்ளிழுக்கும். மூடி இறுக்கமாயிருந்தும் உள்ளே நீர் வந்த மாயம் இதுவே. பேரலை நிழலில் படுக்கவைத்து, இரு மூடிகளும் ஒரே மட்டத்தில் இடமும் வலமுமாக இருக்குமாறு கட்டை கொடுத்தல் முறை. நிறுத்தியே ஆகவேண்டுமாயின் ஒருபுறம் சாய்த்து, மேலே தார்ப்பாய் மூடுக. துத்தநாகப் பூச்சுள்ள பாத்திரங்களில் டீசலைச் சேமித்தலும் ஆகாது. துத்தநாகம் எண்ணெயைக் கெடுக்கும்.

அரைகுறையாக நிரம்பிய கலனும் நீரை உண்டாக்கும். வெற்றிடத்துக் காற்றிலுள்ள ஈரம் இரவில் கலனின் சுவரில் வியர்த்து வடியும். நம் தமிழகத்துக் கீழைக்கடற்கரை மீனவர் இதனை நன்கறிவர். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடித் தடையால் கரையில் நிற்கின்றன. அந்நாள்களிற் கலனைக் கவனியாது விட்டவன், தடை நீங்கிக் கடலேறியபின் நடுக்கடலில் இயந்திரம் நின்று தவிக்க நேரும். மழைக்காலத்தில் வேலையின்றி நிற்கும் நம் ரிக் வண்டிகளுக்கும் இதே நிலைமைதான். படகோட்டிக்கு உயிர்ப்பயம் உண்டு. ஆதலால் அவன் விழிப்பாயிருக்கிறான். நிலத்தில் நிற்கிறோம் என்னும் துணிவே நம்மைக் கெடுக்கிறது.

பரிகாரம் யாது? அது நம் இல்லங்களிலேயே இருக்கிறது. செக்கிலிருந்து வந்த கடலை எண்ணெயை நம் தாய்மார் உடனே வாணலியில் ஊற்றுவதில்லை. வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, மேலாக இறுத்து, அடிமண்டியை ஒதுக்குவர். சமையலறையிற் கைக்கொள்ளும் இவ்வறிவை டீசல் பேரலிடத்தும் செலுத்துவோமாக. பேரல் வந்திறங்கியபின் ஓர் இரவேனும் அசையாது தெளியவிடுக. கைப்பம்பின் குழாய் அடியைத் தொடாமல் நான்கு விரற்கடை மேலே நிற்கட்டும். நுண்வலையிட்ட புனலால் ஊற்றுக. பனியன் துணியால் வடிகட்டும் வழக்கம் நன்றன்று. அதன் நூலிழையே உள்ளே சென்று அடைக்கும்.

வண்டியில் உள்ள வாட்டர் செபரேட்டர் என்னும் நீர்பிரிப்பானைத் தினமும் காலையில், வண்டியைக் கிளப்புமுன், திறந்து வடித்தல் வேண்டும். இரவெல்லாம் நீர் அடியிற் படிந்திருக்கும் நேரம் அதுவே. கண்ணாடிக் குவளையிற் பிடித்துப் பார்த்தால் நீர் தனியே நிற்பது தெரியும். தெளிந்த எண்ணெய் வரும்வரை வடித்து மூடினால், வேலை இரண்டு நிமிடமே. மாலையிற் கலனை நிரப்பி நிறுத்துவது நலம். திருட்டுக்கு அஞ்சுவோர் நல்ல பூட்டிடுக. வடிகட்டியை உரிய கிலோமீட்டரில் மாற்றுக. மலிவான போலி வடிகட்டி பணத்தை மிச்சப்படுத்தாது, பம்பைத் தின்னும். புதிய வடிகட்டியிற் பேரல் எண்ணெயை ஊற்றி நிரப்பாமல், கைப்பம்பை அழுத்தியே நிரப்பிக் காற்றை வெளியேற்றுக. நீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்ப்போம் என்று கருதற்க.

பங்கிலும் நமக்கு உரிமை உண்டு. எண்ணெயின் அடர்த்தியைச் சோதித்துக் காட்டுமாறு எவரும் கேட்கலாம். அன்று பதிவான அளவினின்றும் கன மீட்டருக்கு 3 கிலோகிராமுக்கு மேல் வேறுபடுமாயின் ஐயுறுதற்கு இடமுண்டு. நிலத்தடிக் கலனிற் டாங்கர் எண்ணெய் இறக்கும் வேளையில் நிரப்புதலைத் தவிர்க்க. அடிமண்டி கலங்கி மேலெழும் நேரம் அது.

அன்பர்களே! இதுகாறும் இயந்திரத்தைப் பற்றிப் பேசினேன். இனி மனிதரைப் பற்றிச் சிறிது பேச இடந்தருக. வடநாட்டில் வண்டி நின்றுவிட்டது என்று தொலைபேசியிற் செய்தி வந்தவுடன், உரிமையாளர் வாயில் முதலில் வரும் சொல் யாது? "டிரைவர் என்ன செய்தான்? அவன் சம்பளத்திற் பிடி" என்பதன்றோ? என் பழைய மாணவன் ஒருவன் இவ்வாறே இரண்டு மாதக் கூலியை இழந்தான். பின்னர்ப் பம்பைப் பிரித்தபோதுதான் நீர் அகப்பட்டது. அந்நீர் மழையில் நிமிர்த்தி வைத்திருந்த பேரலில் இருந்து வந்தது; பேரலை மூடத் தார்ப்பாய் வாங்கித் தருமாறு அவன் முன்னரே கேட்டிருந்தான். பிடித்த கூலி திரும்பவில்லை. அவன் தங்கையின் கல்லூரிப் படிப்பு அவ்வாண்டோடு நின்றது.

தொழிலாளிக்குத் தன் பக்கத்தை எடுத்துரைக்க வாய்ப்பளியாமல், சேதத்திற்காக ஊதியத்தைப் பிடிக்கலாகாது என்பது 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த நெறி. 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அது இடம்பெற்றுள்ளது. சட்டம் இருக்கட்டும், நம் சங்கத்திலே உரிமையாளரும் உண்டு, ஓட்டுநரும் உண்டு, கிளீனர் வேலைக்குச் செல்லும் சிறுவயதினரும் உண்டு. ஒரு பந்தியில் அமர்ந்து உண்போர் ஒருவர் மேலொருவர் பழிசுமத்தி வாழ்தல் அழகாகுமா? நல்ல எண்ணெயும், நல்ல வடிகட்டியும், பேரலுக்கு நிழலும் தருதல் முதலாளியின் கடன். தினமும் வடித்தலும், உண்மையைச் சொல்லுதலும் ஓட்டுநரின் கடன். இருவர் கடனும் நிறைவேறினவா என்று பார்த்தபின்னரே குற்றம் யாருடையது என்று பேசுதல் நீதியாகும்.

ஆகவே சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள். ஒன்று, வண்டிதோறும் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, எண்ணெய் வாங்கிய இடமும் நாளும், நீர் வடித்த விவரமும் எழுதுவிக்க. இரண்டு, நீர்பிரிப்பான் வடித்தலைச் செய்துகாட்டும் வகுப்பொன்றை, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக்கொண்டு ஆண்டிற்கொருமுறை நம் மண்டபத்தில் நடத்துக. மூன்று, பழுதின் காரணம் பிரித்துப் பார்க்கப்படுமுன் எவர் கூலியையும் பிடிப்பதில்லை என்று உறுப்பினர் அனைவரும் இசைந்து தீர்மானம் செய்க.

ஆயுத பூஜை நாளில் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம், எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அன்று பொட்டிடுமுன் கலனின் அடியைத் திறந்து ஒரு குவளை வடித்துப் பாருங்கள். அதுவும் பூஜையின் ஓர் அங்கமே.