இறங்கும்போது தொலையும் வழி

பெயரிலேயே மலையை வைத்திருக்கும் ஊர் மேல்மலையனூர். அமாவாசை ராத்திரியில் அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்க வரும் ஜனங்கள் அந்த ஊரில் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கூட்டம் போகிற பக்கம் போனால் கோயில் வந்துவிடும். அங்கிருந்து தெற்கே செஞ்சிக் கோட்டைக்கோ, மேற்கே திருவண்ணாமலையைத் தாண்டிப் பர்வதமலைக்கோ, அதற்கும் அப்பால் ஜவ்வாது மலைக்கோ போகிறவர்கள் பாடு அப்படியில்லை. மலையில் கூட்டம் கலைந்துபோகும். பாதை பிரியும். தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து வழி கண்டுபிடித்துப் போவது தனி வித்தை.

அந்த வித்தையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், மலையில் வழி தொலைவது பெரும்பாலும் ஏறும்போது இல்லை, இறங்கும்போது என்பதுதான். மலையின் வடிவமே அதற்குக் காரணம். உச்சி ஒன்று, அடிவாரம் சுற்றிலும். எந்தப் பக்கத்திலிருந்து ஏறினாலும் மேடு குவிந்து குவிந்து ஆளை உச்சியில் கொண்டுவந்து சேர்த்துவிடும். இறங்கும்போது அதே மலை விரிகிறது. மேலே பத்தடி விலகி வைத்த கால், கீழே வரும்போது வேறு ஊரில் கொண்டுபோய் விடும்.

பர்வதமலை இதற்கு நல்ல உதாரணம். சுமார் 4,500 அடி உயரம். உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில். தென்மாதிமங்கலத்திலிருந்து ஒரு வழி, கடலாடியிலிருந்து இன்னொரு வழி. இரண்டும் மேலே ஓரிடத்தில் ஒன்று சேர்கின்றன. அதற்கு மேல் பாறையில் அடித்து இறக்கிய இரும்புக் கம்பிகளையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். கடப்பாறைப் படி என்றுதான் ஜனங்கள் சொல்கிறார்கள். ஏறுகிறவருக்கு இரண்டு வழி சேருகிற இடம் கண்ணிலேயே படாது. கால் தானாக மேலே போய்க்கொண்டிருக்கும். சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும்போதுதான் அதே இடம் இரட்டைப் பாதையாக முன்னால் வந்து நிற்கிறது. தவறான பக்கம் இறங்கிவிட்டால் வண்டி நிற்பது ஓர் ஊர், ஆள் போய்ச் சேர்வது வேறோர் ஊர்.

மலைப்பாதைகளில் வெள்ளைப் பெயிண்டால் போடும் அம்புக்குறிகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஆள் உயரப் பாறை ஒன்று. கீழிருந்து வருகிறவர் கண்ணுக்கு நேராக அம்பு பளிச்சென்று தெரியும். அதே பாறையை மேலிருந்து வருகிறவர் பார்த்தால் தெரிவது அதன் முதுகுதான்: பாசியும் வெயில் வெடிப்பும் தவிர அதில் ஒன்றும் இருக்காது. குறி போட்டவர் ஏறுகிறவரை நினைத்துப் போட்டது அது. ஆகவே அம்பைத் தாண்டியதும் ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாய்ந்த மரம், பிளந்த கல், தூரத்தில் ஓர் ஏரி என்று இறங்கி வரும்போது எதிரே தெரியப்போவது எது என்பதை அப்போதே மனசில் பதித்துக்கொள்ள வேண்டும்.

செஞ்சிக்காரர்களுக்கு மலையில் வழி என்பது பழைய யுத்த விஷயம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் சேர்த்துச் சுமார் 13 கிலோமீட்டருக்கு மதில் ஓடுகிறது. ராஜகிரியின் உயரம் 800 அடிதான். ஆனால் உச்சிக் கோட்டையை நெருங்கும்போது பாறை பிளந்து நிற்கிறது: ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் போட்டிருந்த மரப்பாலத்தை இழுத்துவிட்டால் வழியே இல்லை. ஔரங்கசீப்பின் படை 1690-இல் முற்றுகையைத் தொடங்கி, கோட்டையைப் பிடித்தது 1698-இல்தான். உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் அதற்குள் வெளியேறிவிட்டார். 2025 ஜூலையில் மராட்டியப் போர்க் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 கோட்டைகளில், தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே.

அந்தப் பிளவை மேப்பில் தேடிப் பார்ப்பது நல்ல பாடம். இந்திய நில அளவைத் துறையின் மேப்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். உயரத்தைக் காட்டும் பழுப்புக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக ஓடும். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு. 60 அடி ஆழமோ 18 மீட்டர். இரண்டு கோட்டுக்கு நடுவே அடங்கிவிடும். அகலம் மயிரிழை போலத்தான் வரும். எட்டு வருஷம் ஒரு பேரரசின் படை காத்துக் கிடந்த மலையில், அதன் கடைசிக் காவலை மேப் காட்டாமலே போய்விடலாம்.

கையில் இருக்கும் போனும் ஏறத்தாழ அப்படித்தான். டவர் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளிடமிருந்து நேராக வாங்குவது. ஆனால் மேப்பை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளாவிட்டால் வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். ஆழமான பள்ளத்தாக்கில் பாறையில் பட்டுத் தெறித்து வரும் சிக்னல், புள்ளியை இடம் மாற்றியும் காட்டும். திசைகாட்டிக்கும் தொல்லை உண்டு. திருவண்ணாமலைப் பக்கத்துக் கவுத்தி மலை, வேடியப்பன் மலை போல இரும்புத் தாது இருக்கும் மலைகளில் முள் வடக்கை விட்டு விலகி நிற்கக்கூடும். போனை வைத்துச் செய்யக்கூடிய உருப்படியான காரியம், அடிவாரத்திலிருந்தே நடந்த தடத்தைப் பதிவு செய்துகொண்டு போவது. திரும்பும்போது அந்தக் கோட்டின் மேலேயே வரலாம்.

தண்ணீர் எப்படியும் ஊருக்குத்தான் போகும், ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் இது மிக ஆபத்து. ஓடை குறுக்கு வழியில் இறங்கும்; நடுவில் அருவியாக விழும். வழுக்குப் பாறையில் அங்கே நிற்கிறவருக்கு மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. ஆட்டுத்தடமும் அப்படி ஏமாற்றும். நன்றாகத் தேய்ந்த பாதை போலவே இருக்கும். மேய்ச்சல் முடிகிற புதரில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

வண்டியில் போகிறவர்களுக்குக் கொழுக்குமலை ஒரு பள்ளிக்கூடம். சுமார் 7,900 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டம். தேனி மாவட்டத்து மண்தான், ஆனால் ஜீப் போகும் வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் இருட்டிலேயே ஜீப்புகள் கிளம்பிவிடும். பாதை முழுக்க உருண்டைக் கல். அங்கே ஓட்டுகிறவர்கள் உள்ளூர் ஆட்கள்; எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் ஏறணும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். இறக்கத்திலும் சின்ன கியரை மாற்றுவதில்லை. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இன்ஜின்தான் வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். எதிரே வண்டி வந்தால், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். சாலை விதியே அதுதான்.

அதே கொழுக்குமலையிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் குரங்கணிக்கு இறங்குவது நடைபாதை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மலையேற்றத்துக்கு வந்திருந்த இரண்டு குழுக்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது காய்ந்த புல்லில் தீ பரவியது. சரிவில் தீ கீழிருந்து மேலே ஓடும்; மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஓடும். புகை மூடியதும் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். அந்தச் சரிவை நன்றாக அறிந்த உள்ளூர் ஆள் ஒவ்வொரு சின்னக் கூட்டத்தோடும் இருந்திருந்தால் என்ற எண்ணம் இன்றைக்கும் மனசை அறுக்கிறது.

அதன்பின் மலையேற்றத்துக்கு மாநில அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைப்பாதைகளைத் தேர்ந்தெடுத்துத் திறந்தது. முன்பதிவு செய்துதான் போக முடியும்; வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்று வருகிறவர்கள் மலைக்கிராமத்து இளைஞர்கள். பல தலைமுறையாகத் தேனுக்கும் கடுக்காய்க்கும் அந்தச் சரிவுகளில் நடந்த குடும்பங்களின் அறிவுக்கு இப்போதுதான் கூலியும் மரியாதையும் சேர்ந்து கிடைக்கிறது. இந்த ஏற்பாடு இன்னும் பல மலைகளுக்கு வர வேண்டும்.

இந்த உரையைக் கேட்கும் நேயர்களில் யாராவது அடுத்த பௌர்ணமிக்குப் பர்வதமலைக்குப் புறப்பட்டால், இரண்டு வழி சேருகிற இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும். வந்த பாதையைத் திரும்பிப் பார்த்துப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் கடலைமிட்டாயோ மோரோ விற்கும் பெரியவர் யாராவது இருந்தால், "ஐயா, தென்மாதிமங்கலத்துக்கு எந்தப் பக்கம் இறங்கணும்?" என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். சாயங்காலம் இறங்கும்போது அவர் கடையை எடுத்துக்கொண்டு கீழே போயிருப்பார்.